தாயம் விழுந்தால்

வைகுண்ட ஏகாதசி இரவில், தில்லைக் கோயிலுக்குள்ளேயே தனிச் சந்நிதியில் பள்ளிகொண்டிருக்கும் கோவிந்தராஜப் பெருமாளைச் சேவித்து வீடு திரும்பியவர்கள், விடியும்வரை கண் விழித்திருக்கும் பொருட்டுப் பரமபத சோபான படத்தையோ தாயக்கட்டத்தையோ விரித்துக்கொண்டு உட்காருவது, தமிழ்நாட்டின் ஏனைய ஊர்களிற்போலவே சிதம்பரம், கடலூர் வட்டாரத்திலும் நெடுநாளாக வழங்கிவரும் வழக்கம். இரண்டும் கட்டையை உருட்டி ஆடும் ஆட்டங்களே என்றாலும், அவற்றின் விதிகளைச் சற்று நிதானித்து நோக்குவார்க்கு இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரிது என்பது விளங்கும். பரமபதத்தில் ஆடுகிறவனுக்குச் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுமில்லை. விழுந்த எண்ணிக்கை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறதோ அங்கே ஏணி இருந்தால் ஏறுகிறான், பாம்பு இருந்தால் இறங்குகிறான், இரண்டும் இல்லையேல் நிற்கிறான். தாயத்திலோ, விழுந்த எண் ஒன்றே போதாது. காய் இதற்கு முன் இறங்கியிருக்கிறதா, எதிரியின் காய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அந்தக் கட்டம் வெட்டக்கூடாத கட்டமா, நாம் ஒருமுறையேனும் வெட்டியிருக்கிறோமா என்று ஒவ்வொரு உருட்டுக்கும் பல கேள்விகள் எழுந்து, அவற்றின் விடைகள் சேர்ந்தே அடுத்த காரியத்தை நிர்ணயிக்கின்றன. எழுத்தறியாத பாட்டியும் ஏழு வயதுப் பேத்தியும் எதிரெதிரே அமர்ந்து இத்தனை நிபந்தனைகளையும் பிழையின்றி நடத்திவிடுகிறார்கள் என்பது எனக்கு எக்காலத்தும் வியப்பளிக்கும் விஷயம். ஏனெனில் இவற்றையே ஒரு யந்திரத்துக்குக் கற்பிக்கப் புகுந்தவர்கள் பட்ட சிரமம் கொஞ்சமன்று.

முதலில் கட்டையின் கணிதத்தைப் பார்த்துவிடுவோம். பித்தளைத் தாயக்கட்டை நீண்டு நான்கு பட்டைகள் உடையது. ஒரு பட்டை வெறுமையாகவும், ஏனைய மூன்றில் முறையே ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள் குழிக்கப்பட்டும் இருக்கும். இரு கட்டைகளைச் சேர்த்து உருட்டும்போது நிகழக்கூடியவை 16. அவற்றுள் வெறுமையும் ஒற்றைப் புள்ளியுமாய்ச் சேர்ந்து தாயம் விழும் வழிகள் 2. இரண்டு விழ 3. மூன்று விழ 4. நான்கு விழ 3. ஐந்து விழ 2. ஆறு விழ ஒன்றே ஒன்று. இரு பட்டைகளும் வெறுமையாய் விழுந்து பன்னிரண்டு என்று கொள்ளப்படுவதும் ஒன்றே ஒன்று. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகிய நான்கில் ஏதேனும் விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்னும் வழக்கத்தைக் கொண்டால், 16 வழிகளில் 6 வழிகளில் மறு உருட்டு உண்டு என்றாகிறது. எனவே ஒருவர் முறைக்குச் சராசரியாக 1.6 உருட்டுகள் வாய்க்கின்றன.

காய் இறக்குவதற்குத் தாயம் விழவேண்டும் என்பது முதல் நிபந்தனை. அது விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. ஆகவே சராசரியாக எட்டு உருட்டுகள் காத்திருக்க வேண்டும். ஆயினும் எட்டு முறைகள் காத்திருக்க வேண்டியதில்லை. ஐந்தோ ஆறோ பன்னிரண்டோ விழுமாயின் முறை கைமாறாமல் தொடர்கிறது. இரண்டு, மூன்று, நான்கு என்பவை விழும் 10 வழிகளில் மட்டுமே முறை முடிகிறது. தாயம் விழும் வழிகளோ 2. ஆக, ஒருவர் தம் முறைக்குள்ளே தாயத்தைக் காணும் வாய்ப்பு 12-க்கு 2, அதாவது ஆறில் ஒன்று. சராசரியாக ஆறு முறைகளில் காய் இறங்கிவிடும். மறு உருட்டு என்னும் ஒரு நிபந்தனை, தனக்கு நேரடியாகச் சம்பந்தமில்லாத மற்றொரு நிபந்தனையின் காலத்தை எட்டிலிருந்து ஆறாகக் குறைத்துவிட்டது. நிபந்தனைகளின் ஸ்வபாவம் இது. ஒன்றையொன்று அறியாமலே அவை ஒன்றன் விளைவை ஒன்று மாற்றுகின்றன.

இனி யந்திரத்துக்கு வருவோம். 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்திலிருந்து, பாத்திரமேற்று ஆடும் மேஜை ஆட்டங்கள் என்றொரு வகை உலகெங்கும் பரவிற்று. அதில் ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரத்தை ஏற்று, தாம் செய்யப்போவதை வாயாற் சொல்லி, அது பலிக்குமா என்பதைப் பகடை உருட்டித் தீர்மானிக்கிறார்கள். இருபது முகங்கள் உடைய பகடையை உருட்டி, வீரனின் திறமைக்குரிய எண்ணைக் கூட்டி, எதிரியின் கவசத்துக்குரிய எண்ணை எட்டினால் அடி பட்டது என்றும், எட்டாவிட்டால் தப்பியது என்றும் கொள்வர். ஆடுகிறவர்கள் வெவ்வேறு ஊர்களில் இருக்கும்போது கணிப்பொறித் திரையையே மேஜையாக்கிக்கொள்ளும் மென்பொருள்கள் பின்னர் தோன்றின. அவற்றுள் மேப்டூல் என்பது ஜாவா மொழியில் எழுதப்பட்டு இலவசமாக வழங்கப்படுவது. திரையில் வரைபடமும் காய்களும் இருக்கும். அடிக்கடி செய்யவேண்டிய கணக்கை ஒருமுறை எழுதி ஒரு பொத்தானுக்குள் வைத்துவிட்டால், பிறகு பொத்தானை அழுத்திய மாத்திரத்தில் அது நடந்தேறும். இவ்வாறு எழுதிவைக்கும் சிறு நிரலுக்கு மேக்ரோ என்று பெயர். மேப்டூலின் மேக்ரோவில் சதுர அடைப்புக்குள் எழுதியது கணக்கிடப்படும். வெளியே எழுதியது உள்ளபடியே அரட்டைப் பலகையில் அச்சாகும்.

இந்த மேக்ரோ மொழியில் நிபந்தனையைச் சொல்லும் சார்பு ஒன்று உண்டு. அதன் பெயர் இஃப். அதன் அடைப்புக்குள் மூன்று இடங்கள். முதலிடத்தில் கேள்வி, இரண்டாமிடத்தில் கேள்வி மெய்யானால் கொள்ளவேண்டிய மதிப்பு, மூன்றாமிடத்தில் பொய்யானால் கொள்ளவேண்டிய மதிப்பு. மெய் என்பதை 1 என்றும் பொய் என்பதை 0 என்றுமே இம்மொழி வைத்துக்கொள்கிறது. இதனால் ஓர் அழகான வசதி விளைகிறது: அடியின் வலிமையை 'கவசத்தை எட்டியதா' என்னும் கேள்வியாலேயே பெருக்கிவிடலாம், எட்டியிருந்தால் ஒன்றால் பெருகி அடி முழுமையாய் நிற்கும், எட்டாவிட்டால் பூஜ்யத்தால் பெருகி ஒன்றுமில்லாமற் போகும். தர்க்கத்தைக் கணிதத்துக்குள் அடக்கிவிடும் இந்த உபாயம் 19-ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் பூல் என்னும் ஆங்கிலக் கணித மேதை காட்டிய பாதையில் வந்தது.

நம்முடைய தாயக்கட்டையை இம்மொழியில் எழுதிப் பார்ப்போம். புள்ளிகள் பூஜ்யம் முதல் மூன்று வரை என்பதால், நான்கு முகங்கள் உடைய பகடை இரண்டை உருட்டிக் கூட்டி, கூட்டுத்தொகையிலிருந்து இரண்டைக் கழித்தால் போதும். பகடைகளின் எண்ணிக்கை, பின் 'டி' என்னும் எழுத்து, பின் முகங்களின் எண்ணிக்கை என்று எழுதுவது இவ்வாட்டங்களின் மரபு. ஆகவே நமது உருட்டு 2டி4-2. வருவது பூஜ்யமானால் அதனைப் பன்னிரண்டு என்று கொள்ளவேண்டும். புதிதாய்க் கற்பவர் உடனே எழுதத் துணிவது இது:

இஃப்(2டி4-2 == 0, 12, 2டி4-2)

பார்ப்பதற்கு இதில் பிழை ஒன்றும் தோன்றாது. ஆனால் இதனை நூற்றுக்கணக்கில் இயக்கிப் பார்த்தால், தாயக்கட்டத்தில் எவரும் கேள்விப்படாத 'பூஜ்யம்' என்னும் எண் இடையிடையே தலைகாட்டும். காரணம் யாதெனில், முதலிடத்தில் உருட்டிய பகடை வேறு, மூன்றாமிடத்தில் உருட்டுகிற பகடை வேறு. பூஜ்யமா என்று கேட்டு, இல்லை என்று விடை பெற்ற பிறகு, யந்திரம் மறுபடியும் புதிதாக உருட்டுகிறது. அந்தப் புது உருட்டு பூஜ்யமாய் விழுந்தால் அதனைத் தடுத்துக் கேட்பார் இல்லை. முதல் உருட்டு பூஜ்யமல்லாததாய் இருக்கும் வாய்ப்பு 16-இல் 15. இரண்டாவது பூஜ்யமாகும் வாய்ப்பு 16-இல் 1. பெருக்கினால் 256-இல் 15, அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய ஆறு முறை இந்த அநியாயம் நேரும். பரிகாரம் எளிது. முதலில் உருட்டியதை ஒரு பெயருக்குள் வைத்துக்கொண்டு, பிறகு அந்தப் பெயரையே கேட்கவும் கொள்ளவும் வேண்டும்:

உருட்டு = 2டி4-2

இஃப்(உருட்டு == 0, 12, உருட்டு)

இங்கே ஒற்றைச் சமக்குறி பெயருக்கு மதிப்பைத் தருவது. இரட்டைச் சமக்குறி இரண்டும் ஒன்றா என்று வினவுவது. யதேச்சையாக நிகழும் ஒன்றை ஒரே தடவை நிகழ்த்தி, நிகழ்ந்ததைப் பதிவு செய்து, பின்னெழும் கேள்விகளையெல்லாம் அந்தப் பதிவைக்கொண்டே தீர்க்கவேண்டும் என்பது இதன் தாத்பரியம்.

இத்தத்துவத்துக்குக் கடலூரின் சரித்திரத்திலேயே பிரசித்தமான ஓர் உதாரணம் இருக்கிறது. 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். சென்னையில் அப்போது கவர்னராய் இருந்தவர் எலிஹு யேல். செயின்ட் டேவிட் கோட்டை என்று பின்னர் பெயர் பெற்ற அக்கோட்டையோடு, அங்கிருந்து பெரும் பீரங்கி ஒன்றால் சுட்டால் குண்டு சென்று விழும் தூரத்துக்குள் அடங்கிய நிலமும் ஊர்களும் கம்பெனியாருக்கு உரியவை என்பது உடன்படிக்கை. அவ்வாறே பல திசைகளிலும் சுட்டு எல்லை வகுத்தார்கள். உட்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் என்று வழங்கலாயின. அக்காலத்துப் பீரங்கியின் குண்டு, மருந்தின் அளவுக்கும் காற்றின் போக்குக்கும் ஏற்ப ஒவ்வொரு முறையும் சற்றே வேறிடத்தில் விழும் இயல்புடையது. ஓர் ஊர் எல்லைக்குள் அடங்குமா என்ற வழக்கு எழுந்த போதெல்லாம் புதிதாக ஒரு குண்டு சுட்டுப் பார்ப்பது என்று வைத்திருந்தால், கெடிலக் கரையின் கிராமம் எதற்கும் நிலையான உடைமை இருந்திராது. காலையில் உள்ளே இருந்த ஊர் மாலையில் வெளியே போயிருக்கும். ஒருமுறை சுட்டு, விழுந்த இடத்தை எல்லையாகக் கொண்டு, அந்த எல்லையை வைத்தே ஊர்களை வகுத்ததனால்தான் அது நிர்வாகத்துக்கு உதவிற்று. இஃப் சார்புக்குள் பகடையை உருட்டாதே, வெளியே உருட்டிப் பெயரிட்டுக் கொண்டுவா என்னும் அறிவுரையும் அதே நியாயத்தில் நிற்பது.

இதுவரை சொன்ன பிழை எளிதில் கண்டுகொள்ளக்கூடியது. அடுத்துச் சொல்லப்போவது அதனினும் நுட்பமானது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே. மேப்டூலின் இஃப் என்பது ஒரு சார்பு. சார்புகளை நடத்தும்போது யந்திரம் கைக்கொள்ளும் நியதி, அடைப்புக்குள் இருப்பவை அனைத்தையும் முதலில் கணக்கிட்டு முடித்து, அவற்றின் மதிப்புகளைச் சார்பின் கையில் கொடுப்பது. இரு எண்களுள் பெரியதைக் கேட்கும் சார்புக்கு இந்த நியதி மிகப் பொருத்தம். இரண்டையும் அறியாமல் பெரியதைச் சொல்ல முடியாது. ஆனால் நிபந்தனைச் சார்பின் விஷயத்தில் இதே நியதி விபரீதமாகிறது. கேள்விக்கு விடை என்னவாயினும், மெய்யானால் என்னும் இடமும் பொய்யானால் என்னும் இடமும் ஆகிய இரண்டுமே முன்கூட்டிக் கணக்கிடப்பட்டுவிடுகின்றன. அதன் பிறகே ஒன்று ஏற்கப்பட்டு மற்றது தள்ளப்படுகிறது. விருந்தினர் காப்பி அருந்துவாரா மோர் அருந்துவாரா என்று கேட்பதற்கு முன்னரே இரண்டையும் ஆயத்தம் செய்து வைத்துக்கொண்டு, கேட்ட பிறகு ஒன்றைக் கொட்டிவிடும் வீட்டைப் போன்றது இது.

இரண்டு இடங்களிலும் வெறும் எண்களே இருக்குமாயின், கொட்டிப்போன மோருக்கு மேல் நஷ்டம் ஒன்றுமில்லை. பன்னிரண்டையும் உருட்டையும் கணக்கிட்டு ஒன்றைத் தள்ளுவதால் யாதொரு தீங்கும் நேராது. ஆனால் தாயத்தில் வெட்டு என்றொரு காரியம் இருக்கிறது. எதிரியின் காய் நிற்கும் கட்டத்தில் நம் காய் சென்று சேர்ந்தால் அந்தக் காயை வெட்டி அடுக்கிவைக்கிறோம். பெருக்கல் குறியிட்ட கட்டமாயிருந்தால் வெட்ட இயலாது. இதனை ஒருவர், 'கட்டம் காப்புடையதா என்று கேள். காப்புடையதானால் சும்மா நகர்த்து. இல்லையேல் எதிரியின் காயை வரைபடத்திலிருந்து நீக்கு' என்று இஃப் சார்பின் மூன்று இடங்களில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கும்? கட்டம் காப்புடையதாயிருந்தாலும் எதிரியின் காய் போய்விடும். நீக்கு என்பது ஒரு மதிப்பன்று, ஒரு செய்கை. அதனைக் கணக்கிடுவது என்றாலே செய்துவிடுவது என்றுதான் பொருள். பிறகு சார்பானது அவ்விடத்தின் மதிப்பைத் தள்ளுகிறது. ஆனால் போன காயைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பதில்லை. ஆடுகிறவரை ஒரு கேள்வி கேட்டு விடை வாங்கும் சிறு சாளரத்தை மூன்றாமிடத்தில் வைத்தாலும் இதே கதி. தேவையில்லாத போதும் அந்தச் சாளரம் திறந்துகொண்டு நிற்கும். பூஜ்யத்தால் வகுக்கும் ஆபத்தைத் தவிர்ப்பதற்கென்றே 'வகுக்கும் எண் பூஜ்யமானால் பூஜ்யம், இல்லையேல் வகு' என்று எழுதிய காவலும் பயன்படாது; காவலன் விழிப்பதற்கு முன்பே வகுத்தல் நடந்து யந்திரம் பிழை சொல்லி நின்றுவிடும்.

இந்தக் குறை மேப்டூலை ஆக்கியவர்களின் கவனக்குறைவால் விளைந்ததன்று. கணிப்பொறி மொழிகள் பிறந்த காலத்திலேயே, உலகத்தின் மிகச் சிறந்த மூளைகளுள் ஒன்று இதனை எதிர்கொண்டது. அதுவும் ஒரு பலகை ஆட்டத்தின் நிமித்தமாகவே என்பதை எண்ண எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. 1957-58 காலத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் மெக்கார்த்தி என்பவர், ஐபிஎம் 704 என்னும் யந்திரத்தில், சதுரங்கத்தில் விதிப்படி நகர்த்தக்கூடிய நகர்வுகளைக் காண்பதற்கான நிரல்களைப் போர்ட்ரான் மொழியில் எழுதிக்கொண்டிருந்தார். அப்போது போர்ட்ரானில் இருந்த நிபந்தனை வாக்கியம் ஓர் எண் பூஜ்யத்துக்குக் கீழா, பூஜ்யமா, மேலா என்று பார்த்து, மூன்று வரிகளுள் ஒன்றுக்குத் தாவச் சொல்வது. ஒவ்வொரு சிறு ஐயத்துக்கும் நிரலை மூன்று கூறாய்ப் பிளந்து எழுதவேண்டிய சங்கடம் அதில் இருந்தது. அதனைப் பொறாமல் அவர் எக்ஸ்இஃப் என்னும் சார்பு ஒன்றைத் தாமே அமைத்தார். அதற்கும் அடைப்புக்குள் மூன்று இடங்கள். நிபந்தனைக்கு ஏற்ப மற்ற இரண்டில் ஒன்றை அது விடையாகத் தரும். நிரல்கள் சுருக்கமும் தெளிவும் பெற்றன. ஆனால் வேண்டியது எது, வேண்டாதது எது என்று தெரிவதற்கு முன்னமே இரண்டும் கணக்கிடப்பட்டன. பயன்படப்போவது ஒன்றாயிருக்க, யந்திரம் இரண்டுக்கும் உழைத்தது. இக்குறையே, தேவையான கிளையை மட்டும் கணக்கிட்டு மற்றதைத் தொடாமலே விட்டுவிடும் உண்மையான நிபந்தனைத் தொடரை வகுக்கும்படி தம்மைத் தூண்டியது என்று மெக்கார்த்தியே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அவர் படைத்த லிஸ்ப் மொழியின் உயிர்நிலை அதுவாயிற்று. அல்கால் 60 என்னும் மொழியிலும் அது இடம்பெற்று, அதன் வழியாகப் பின்வந்த மொழிகளுக்குப் பிதிரார்ஜிதம் போல் இறங்கிற்று.

உழைப்பு மிச்சமாயிற்று என்பதோடு இது நிற்கவில்லை. ஒன்று முதல் ஓர் எண் வரையுள்ள எல்லா எண்களையும் பெருக்கிய தொகையைக் காணும் விதியை இவ்வாறு சொல்லலாம்: எண் பூஜ்யமானால் விடை ஒன்று, இல்லையேல், அந்த எண்ணை, அதற்கு ஒன்று குறைந்த எண்ணுக்கு இதே விதிப்படி கிடைக்கும் விடையால் பெருக்கு. விதி தன்னையே அழைத்துக்கொள்கிறது. நான்குக்கு மூன்றையும், மூன்றுக்கு இரண்டையும் கேட்டுக்கொண்டே சென்று, பூஜ்யத்தை அடைந்ததும் நின்று, அங்கிருந்து விடைகளைச் சுமந்து திரும்புகிறது. வேண்டாத கிளையைத் தொடாதிருந்தால் மட்டுமே இது சாத்தியம். இரு கிளைகளையும் கணக்கிடும் சார்பைக்கொண்டு எழுதினால், பூஜ்யத்தை அடைந்த பிறகும் 'இல்லையேல்' என்னும் கிளை பூஜ்யத்துக்கு ஒன்று குறைந்த எண்ணைக் கேட்கும். அது அதற்குக் குறைந்ததைக் கேட்கும். முடிவென்பதே இல்லாத அதலபாதாளத்தில் நிரல் விழுந்துகொண்டே இருக்கும். தேர்ந்தெடுக்காததைச் செய்யாதிருத்தல் என்பது இங்கே நிரலின் உயிரையே காப்பதாகிறது.

மேப்டூலும் இதற்கு வழி வைத்திருக்கிறது. சார்பாக வரும் இஃப் போக, சதுர அடைப்பின் முகப்பில் நிபந்தனையை வைத்து, அதன்பின் முக்காற்புள்ளியிட்டு, மெய்யானால் நடக்கவேண்டியதையும் பொய்யானால் நடக்கவேண்டியதையும் அரைப்புள்ளியால் பிரித்து எழுதும் மற்றொரு வடிவம் உண்டு. பெயர் அதுவே; ஆயினும் குணம் முற்றும் வேறு. இது முதலில் கேள்விக்கு விடை காண்கிறது. பின் உரிய கிளையை மட்டும் நடத்துகிறது. மற்றது எழுத்தாகவே இருந்துவிடுகிறது. பல வரிகள் கொண்ட காரியமாயின் நெளிவு அடைப்புக்குள் இட்டு வைக்கலாம். விழக்கூடிய எண் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரியம் இருந்தால், இஃபுக்குள் இஃபாக அடுக்காமல் ஸ்விட்ச் என்னும் வடிவில் வரிசையாய்ச் சொல்லலாம். வெட்டும் விதியை எழுதுகிறவர் கைக்கொள்ளவேண்டியது இந்த இரண்டாவது இஃபே. என் அபிப்பிராயத்தில், மதிப்பைத் தேர்வதற்குச் சார்பு, செய்கையைத் தேர்வதற்கு வாக்கியம் என்ற பாகுபாட்டை மாணவருக்கு முதல் நாளிலேயே கற்பிக்கவேண்டும். இரண்டும் ஒரே பெயரில் வழங்குவதால், தெரியாத்தனமாய் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை எழுதிவிட்டு, காரணம் புலப்படாமல் இரவெல்லாம் தேடுவோர் பலர்.

நிபந்தனைகள் பல சேரும் இடத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. அதற்குப் பரீட்சை வைக்கத் தகுந்த ஒரு சாசனம் நம்மிடமே இருக்கிறது. தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்தவன் என்று புகழ்பெற்ற முதற் பராந்தக சோழன் காலத்தில், உத்தரமேரூர்ச் சபையார் குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். அவனது 12-ஆம் ஆட்சியாண்டாகிய 919-இல் ஒருமுறையும், 14-ஆம் ஆட்சியாண்டாகிய 921-இல் மறுமுறையும். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்வது யதேச்சை. எவர் பெயரை ஓலையில் எழுதலாம் என்பது நிபந்தனை. தாயக்கட்டத்தில் உள்ள அதே இரண்டு அங்கங்கள் ஊராட்சியிலும் கூடி நின்றன. 921-ஆம் ஆண்டு விதியின் சாரம் இது: இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவனாயிருக்க வேண்டும், அல்லது, அரைக்கால் வேலியே உடையவனாயினும் ஒரு வேதமும் நான்கு பாஷ்யங்களுள் ஒன்றும் கற்றவனாயிருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்டவனாகவும், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குக் கீழ்ப்பட்டவனாகவும், முந்தின மூன்றாண்டுகளில் வாரியம் செய்யாதவனாகவும் இருக்க வேண்டும். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் ஆகார்.

இதனை மேக்ரோவாக எழுதுவோர் 'அல்லது' என்னும் சொல்லின் எல்லை எதுவரை என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். கால் வேலி அல்லது அரைக்கால் வேலியும் கல்வியும் என்பதைச் சுற்றி ஓர் அடைப்பிட்டு, அந்த அடைப்பு முழுவதையும் வயது முதலிய ஏனைய நிபந்தனைகளோடு 'மற்றும்' என்று இணைத்தால் சபையாரின் கருத்து நிறைவேறும். அடைப்பை விட்டுவிட்டு நீளமாக எழுதிச் சென்றால் நேர்வது வேறு. பெரும்பாலான கணிப்பொறி மொழிகளில் 'மற்றும்' என்பது 'அல்லது' என்பதினும் இறுகப் பிணைப்பது; ஆகவே வயதும் கணக்கும் கல்வியும் எல்லாம் அரைக்கால் வேலிக்காரன் தலையிலேயே ஏறி, கால் வேலி உடையவன் இருபது வயதினனாயினும், கணக்குக் காட்டாதவனாயினும், ஓலையில் இடம்பெற்றுவிடுவான். கல்லில் வெட்டிய அந்த விதியைப் படிக்கும் மனிதர் எவரும் அவ்வாறு பொருள் கொள்ளமாட்டார். நோக்கத்தை உணர்ந்து அடைப்பைத் தாமே மனத்தில் இட்டுக்கொள்வார். யந்திரத்துக்கு நோக்கம் தெரியாது. வயதின் எல்லையிலும் இத்தகைய கவனம் வேண்டும்: 35-க்கு மேல் என்பதைப் 'பெரிது' என்னும் குறியால் எழுதினால் சரியாக 35 நிரம்பியவன் விலக்கப்படுவான், 'பெரிது அல்லது சமம்' என்னும் குறியால் எழுதினால் சேர்க்கப்படுவான். ஒரு கோடு கூடியும் குறைந்தும் ஒருவனுடைய உரிமை நிற்கிறது.

919-ஆம் ஆண்டின் விதியில் வயது 30 முதல் 60 வரை என்று இருந்தது. இரண்டே ஆண்டுகளில் அது 35 முதல் 70 என்று மாற்றப்பட்டது. தேர்தலின் அடிப்படையை விடாமல் அதிலுள்ள எண்களை மாற்றிப் பார்க்கும் சுதந்திரத்தை அந்தச் சபையார் பெற்றிருந்தார்கள் என்பது இதிலிருந்து புலனாகிறது. மேக்ரோ எழுதுவோரும் அதற்கு வசதி செய்துகொள்வது நல்லது. காய் இறக்கும் எண், மறு உருட்டுக்குரிய எண்கள், வெட்டினால்தான் உள்கட்டத்துக்குள் நுழையலாமா என்பன போன்றவற்றை நிரலின் தலைப்பிலேயே பெயரிட்டு வைத்து, உள்ளே வரும் நிபந்தனைகள் அந்தப் பெயர்களையே கேட்கும்படி செய்துவிட்டால், வீட்டுக்கு வீடு வேறுபடும் வழக்கங்களையெல்லாம் ஒரே மேக்ரோவில் ஆடலாம்.

அவ்வாறு மாற்றி ஆடுகையில் கணக்கும் உடனுக்குடன் மாறுவதைக் காணலாம். தாயத்துக்கு மட்டுமே காய் இறங்கும் என்றிருந்தபோது சராசரியாக ஆறு முறைகள் காத்திருந்தோம். பன்னிரண்டுக்கும் இறக்கலாம் என்று ஓர் 'அல்லது' சேர்த்தால், இறங்கும் வழிகள் 3, முறை முடியும் வழிகள் முன்போல் 10; ஒரு முறைக்குள் இறங்கும் வாய்ப்பு 13-இல் 3, காத்திருப்பு ஏறக்குறைய நாலேகால் முறை. பன்னிரண்டை நீக்கி ஐந்துக்கு அந்த உரிமையைக் கொடுத்தால் இறங்கும் வழிகள் 4 ஆகி, வாய்ப்பு 14-இல் 4 என்று உயர்ந்து, காத்திருப்பு மூன்றரை முறையாகக் குறைகிறது. தலைப்பில் மாறியது ஒரே ஓர் எண்.